ரோன்யா தொடரை முழுதாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மகளுக்கு மேற்கொண்டு காட்டலாமா?

காவ்யா அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். 'ரோன்யா, கொள்ளைக்காரன் மகள்' தொடரை முழுவதும் பார்த்து முடித்தவர்கள் இருந்தால் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். நாங்கள் பாதியில் நிற்கிறோம். மேலே போகலாமா, இதோடு விட்டுவிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

தொடரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1981-இல் எழுதிய ஸ்வீடன் சிறுவர் நாவல்தான் மூலம். அதை ஜப்பானில் கோரோ மியாசாகி 26 பகுதிகளாக எடுத்தார். 2014 அக்டோபரில் தொடங்கி 2015 மார்ச் வரை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வில் வந்தது. நாங்கள் பிரைம் வீடியோவில் ஆங்கிலக் குரலில் பார்க்கிறோம், மகளுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி நான் தமிழில் சொல்வேன்.

மகளுக்கு எட்டு வயது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பகுதி, அதற்கு மேல் கிடையாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். முதல் வாரத்திலேயே அவள் அந்தக் காட்டுக்குள் குடிபோய்விட்டாள். ரோன்யா பிறந்த ராத்திரி இடி விழுந்து கோட்டை இரண்டாகப் பிளக்குமே, அந்தப் பாதாளப் பிளவை வீட்டிலேயே செய்துவிட்டாள். தரையில் இரண்டு பாயை எட்ட எட்டப் போட்டு நடுவில் என் கறுப்புச் சால்வையை விரித்து, இந்தப் பக்கம் ரோன்யாவின் அப்பா மாட்டிஸ் கோட்டை, அந்தப் பக்கம் எதிரிக் கொள்ளைக்காரன் போர்க்கா கோட்டை என்று தாண்டிக்கொண்டே இருப்பாள். சால்வையில் கால் பட்டால் பாதாளத்தில் விழுந்ததாகக் கணக்கு, நான் இடுப்பில் இருக்கும் துப்பட்டாவை அவிழ்த்து வீசி அவளை மேலே இழுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பகுதி வந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டிஸ் எதிரியின் மகன் பிர்க்கைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொண்டு போர்க்காவைக் கோட்டையை விட்டுப் போகச் சொல்கிறான், அது பொறுக்காமல் ரோன்யா பிளவைத் தாண்டிப் போர்க்கா பக்கம் போய் நின்றுவிடுகிறாள். அப்போது மாட்டிஸ் தனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்கிறான். இத்தனை நாள் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவன்.

என் மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். ரிமோட்டைக் கேட்டு வாங்கி அவளே அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அப்பா வந்து கூப்பிடுவாரா?" என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரி எழுந்து போய் அவள் அப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு நாலாவது நாள், டிவி பக்கமே போகவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அதே கேள்வி வருகிறது. பார்த்தால்தானே தெரியும் என்று சொல்லவும் மனம் வரவில்லை, கதையின் முடிவைச் சொல்லிக் கெடுக்கவும் மனம் வரவில்லை. அதோடு எனக்கே அந்த முடிவு தெரியாது.

இன்னொரு விஷயம். வீட்டுக்காரருக்கு இந்தத் தொடரின் தோற்றமே பிடிக்கவில்லை. ஜிப்லி, அந்தப் பெரிய ஜப்பான் அனிமேஷன் ஸ்டூடியோ, பெயர் போட்டிருக்கிறதே, ஆனால் எல்லோரும் மரப்பாச்சி மாதிரி நடக்கிறார்களே என்கிறார். எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது, பிறகு கண் பழகிவிட்டது. உங்களுக்கு எப்படி இருந்தது?

—

சித்திரக்காரன்:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதுதான் என் பிழைப்பு. ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஜிப்லி இதில் இணைத் தயாரிப்பு மட்டும்தான். படத்தை உருவாக்கியது பாலிகன் பிக்சர்ஸ், அவர்கள் கம்ப்யூட்டர் அனிமேஷன்காரர்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் முப்பரிமாணப் பொம்மையாகச் செய்து, அதன் மேல் நிழலைக் குறைத்துத் தட்டையாக வண்ணம் பூசி, ஓரத்தில் கோடு போட்டுக் கையால் வரைந்தது போலக் காட்டுகிறார்கள். கையால் வரைகிற ஜப்பான் படங்களில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் 24 படம் வரைய மாட்டார்கள், ஒரே படத்தை இரண்டு ஃபிரேம், மூன்று ஃபிரேம் நிறுத்தி வைப்பார்கள். வரைகிறவன் எந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்துவதால் நமக்கு அது உறுத்துவதில்லை. அதே தாளத்தைக் கம்ப்யூட்டர் பொம்மைக்கு வைக்கும்போதுதான் வெட்டி வெட்டி நடப்பது மாதிரி தெரிகிறது. கொள்ளைக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சிகளில் இந்தக் குறை நன்றாகவே தெரியும், அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் முகத்தைக் கவனியுங்கள். பாத்திரங்களை வடிவமைத்தவர் கட்சுயா கொண்டோ, 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' என்ற ஜிப்லி படத்துக்கு உருவங்கள் வரைந்தவர். ரோன்யாவுக்கு அவர் கொடுத்திருக்கும் கண் சும்மா அழகுக்காக வைத்த பெரிய கண் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிற கண். முதல் தடவை காட்டுக்குள் போகிறாளே, அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். வசனம் ரொம்பக் குறைவு. ஒரு குளத்தின் பக்கத்தில் நிற்பாள், மரத்தைப் பார்ப்பாள், மறுபடி தண்ணீரைப் பார்ப்பாள். இந்த இடத்தில் அவளை ஓடவிடு, துள்ளவிடு என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்வார். கோரோ அவளைச் சும்மா நிற்க விட்டிருக்கிறார். பின்னால் தெரியும் காடு ஓவியனின் கை போட்ட காடு, அதில் வெளிச்சம் இலைக்கு இலை மாறுகிறது, என்னால் அந்த ஒரு காட்சியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

குதிரைகளும் அப்படித்தான். காட்டுக் குதிரையை ரோன்யாவும் பிர்க்கும் பழக்கும் இடத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுகிறார்கள். அந்தக் கனம் நன்றாக வந்திருக்கிறது. கோரோவின் முதல் படம் 2006-இல் வந்தபோது அவரை எவ்வளவு கடுமையாகத் திட்டினார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்தத் தொடருக்கு 2016-இல் சர்வதேச எம்மி குழந்தைகள் விருதில் அனிமேஷன் பிரிவில் பரிசு கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

—

நேர்ப்பேச்சு:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் பையனுக்கு ஆறு வயது. பத்துப் பகுதி தாண்டுவதற்குள் நாங்கள் விட்டுவிட்டோம்.

முதல் காரணம் வேகம். பிர்க் என்கிற பையன் வந்து சேர்வதற்கே நாலைந்து பகுதி ஆகிறது. அதுவரை குழந்தை பிறக்கிறது, வளர்கிறது, அப்பா கொஞ்சுகிறார், கொள்ளையர்கள் ஆடுகிறார்கள், மறுபடி கொஞ்சுகிறார். புத்தகத்தில் சில பக்கங்களில் முடிகிற விஷயம் இது. ஒன்றரை மணி நேரப் படமாக எடுத்திருந்தால் அருமையாக இருந்திருக்கும் என்று நான் இப்போதும் நம்புகிறேன். அதோடு ஆங்கிலத்தில் ஜில்லியன் ஆண்டர்சன் குரலில் ஒரு விவரிப்பு வருகிறது. குரல் நல்ல குரல்தான், ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது காரணம் மாட்டிஸ். அவன் கத்துகிறான், அழுகிறான், சாமான்களை வீசுகிறான், தரையில் விழுந்து புரள்கிறான். என் பையன் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கொள்ளைக்காரன் என்றால் என்ன, அவன் யாரிடம் கொள்ளையடிக்கிறான், ஏன் அவனை நல்லவன் போலக் காட்டுகிறார்கள் என்று பையன் கேட்ட கேள்விக்கும் தொடரில் சீக்கிரம் பதில் வரவில்லை. கழுகு உடம்பும் பெண் முகமுமாக வருகிறதே அந்தப் பறவைக் கூட்டம், அது ஆறு வயதுக்கு ரொம்ப அதிகம், ராத்திரி விளக்கை அணைக்கவே விடவில்லை.

எட்டு வயதுக்கு நிலைமை வேறாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மகள் தானாகவே அணைத்துவிட்டாள் என்றால் அவள் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை போதும் என்று சொன்னால் போதும்தான்.

—

உமியோ மழை:

காவ்யா அம்மா, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வருடத்துக்கு மேலாக ஸ்வீடனின் வடக்கில் உமியோவில் இருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். இங்கே ரோன்யா என்றால் பள்ளிக்கூடம், நூலகம், நாடகம் எல்லாவற்றிலும் இருக்கிற பிள்ளை. என் மூத்தவளின் வகுப்பில் ஆசிரியை தினம் ஒரு அத்தியாயம் சத்தமாக வாசித்துக் காட்டினார். நான் ஸ்வீடிஷ் மொழியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த முதல் புத்தகமும் அதுதான், பிள்ளை நித்திரையான பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில். ஓம், அவன் வருவான். எப்படி வருகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன், அதை அவளே பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கட்டாயம் அவளோடு சேர்ந்திருந்து பாருங்கள். ரோன்யா வீட்டை விட்டுப் போய்க் கரடிக் குகையில் பிர்க்கோடு இருக்கும்போது அவளின் அம்மா லோவிஸ் அங்கே வருகிறாள். மகள் அவளிடம் கேட்கிறாள்: நீ பிள்ளையாக இருந்து, உன் பெயரைச் சொல்லக்கூட விரும்பாத ஒரு அப்பா உனக்கு இருந்தால், அவர் வந்து கேட்காமல் நீ திரும்பிப் போவாயா? லோவிஸ் யோசித்துவிட்டு, போக மாட்டேன், அவர்தான் வந்து கேட்க வேண்டும் என்று சொல்கிறாள். அப்பா பாவம், நீதான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நான் வளர்ந்த வீட்டில் எந்த அம்மாவும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை வாசித்த இரவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கனநேரம் குசினியில் இருந்தேன்.

மாட்டிஸ் தனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னவுடனே லோவிஸ் என்ன சொன்னாள் என்பதை உங்கள் மகள் கவனித்தாளா? எனக்குப் பிள்ளை இருக்கிறாள், அவள் எனக்கு இப்போதே வேண்டும் என்று கத்துகிறாள். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பக்கம் கதவு மூடினால் மறுபக்கம் ஒருத்தி திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நேர்ப்பேச்சு எழுதியதற்கும் ஒரு வார்த்தை. மாட்டிஸ் கத்துவான், வீசுவான், உண்மைதான். ஆனால் மகளை அடிக்க மாட்டான். இதை எழுதியவர் யார் என்று பார்த்தால் அது தற்செயல் இல்லை என்று தெரியும். லிண்ட்கிரென் 1978-இல் பிராங்பர்ட்டில் ஜெர்மன் புத்தக வணிகர்களின் சமாதானப் பரிசை வாங்கும்போது பேசிய பேச்சு முழுக்கப் பிள்ளைகளை அடிப்பதற்கு எதிரான பேச்சு. அதில் ஒரு தாய் மகனைத் தண்டிக்க நினைத்து, நீயே போய் ஒரு பிரம்பு எடுத்து வா என்று அனுப்புகிறாள். பிள்ளை அழுதுகொண்டு வந்து, பிரம்பு கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறியுங்கள் என்று நீட்டுகிறான். அடுத்த வருடம், 1979-இல், வீட்டிலும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று ஸ்வீடன் சட்டம் போட்டது. உலகத்திலேயே அதுதான் முதல் நாடு. அதற்கு இரண்டு வருடம் கழித்து ரோன்யா வந்தது. தன் கோபத்தை என்ன செய்வது என்று தெரியாத ஒரு அப்பாவை லிண்ட்கிரென் அதில் வைத்தார், ஆனால் அவன் கையில் பிரம்பைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று, பனிக்குள் ரோன்யாவின் கால் ஒரு வளையின் கூரையை உடைத்துக்கொண்டு கீழே போய்ச் சிக்கும், கீழே இருக்கிற குள்ளர் குடும்பம் அந்தக் காலிலேயே பிள்ளைத் தொட்டிலைக் கட்டித் தொங்கவிடும். அவர்களுக்கு ஸ்வீடிஷில் ரும்ப்நிஸ்ஸார் என்று பெயர். ரும்ப் என்றால் பின்பக்கம், நிஸ்ஸே என்றால் இங்கத்தைய பழங்கதைகளில் வருகிற குள்ளன். ஏன் இப்படிச் செய்கிறாள், ஏன் இப்படிச் செய்கிறாள் என்று நாட்டுப்புறப் பேச்சில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். என் பிள்ளைகள் நான் எது சொன்னாலும் அந்தக் குரலில்தான் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஜப்பான் தொடரில் குள்ளர்கள் வடிவாக வந்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பேச்சின் ருசி இல்லை. லோவிஸ் பாடுகிற ஓநாய்த் தாலாட்டும் அப்படித்தான். 1984-இல் தாகே டானியல்சன் எடுத்த படத்தில் அந்தப் பாட்டுக்கு இருந்த மெட்டைக் கேட்டு இங்கே ஒரு தலைமுறையே நித்திரை கொண்டது. அந்த மெட்டுப் பழகிய காதுக்கு வேறு எதுவும் ஏறாது.

—

சித்திரக்காரன்:

உமியோ மழை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. லிண்ட்கிரெனுக்கும் மியாசாகி குடும்பத்துக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. 1971-இல் கோரோவின் அப்பா ஹயாவோ மியாசாகி, அவரோடு வேலை பார்த்த தகஹாட்டா, கொதாபே மூவரும் லிண்ட்கிரெனின் இன்னொரு கதைச் சிறுமியான பிப்பியை அனிமேஷனாக எடுக்க வேண்டும் என்றே தோயி ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தார்கள். மியாசாகி ஸ்வீடனுக்கே போய் விஸ்பி நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை. வரைந்ததெல்லாம் வரைந்தபடி நின்றுபோனது. அடுத்த வருடம் அவர்கள் செய்த பாண்டாக் குட்டிப் படத்தில் இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி வருவாள், பிப்பியைத் தெரிந்தவர்களுக்கு அவளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கிகியின் ஊரிலும் விஸ்பியின் கூரைகள் இருக்கின்றன. அப்பாவுக்குக் கிடைக்காத எழுத்தாளரின் கதை 43 வருடம் கழித்து மகன் கைக்கு வந்தது, அதுவும் அப்பாவும் பிள்ளையும் பிரிந்து சேர்கிற கதை. கோரோ இதில் எந்த இடத்திலும் அவசரப்படவில்லை என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். இது என் எண்ணம் மட்டும்தான்.

—

இரண்டு பெண்களின் அப்பா:

அப்பாக்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொடரை மூத்த மகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவளோடு சேர்ந்து பார்த்தேன். குழந்தைத் தொடர் என்று சின்னவள்தான் போட்டாள், ஆனால் கடைசிவரை உட்கார்ந்தது பெரியவளும் நானும். அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் பேச்சு சரியாக இல்லை. அவள் என்ன படிக்க வேண்டும் என்பதில் தகராறு. நான் ஒருநாள் கோபத்தில், உன் விஷயத்தில் இனி நான் தலையிட மாட்டேன், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லி ஒரு மாதம் ஆகியிருக்கும். சாப்பிடக் கூப்பிடுவது, மின்கட்டணம், சைக்கிள் பஞ்சர் என்று மற்றதெல்லாம் பேசிக்கொண்டோம். அது மட்டும் அப்படியே நின்றது.

மாட்டிஸ் மகள் பெயரைச் சொல்லக்கூடாது என்று கோட்டையில் இருக்கிறவர்களைத் தடுத்துவிட்டுத் தானே சாப்பிடாமல், தூங்காமல் படுத்துக்கிடக்கிறானே, அந்தப் பகுதிகள் இழுக்கின்றன என்று பலர் சொல்வார்கள். நேர்ப்பேச்சு நண்பரும் அதைத்தான் சொல்கிறார். எனக்கு அது இழுப்பாகத் தெரியவில்லை. வீம்பு பிடித்த மனிதனுக்கு ஒவ்வொரு நாளும் அத்தனை நீளமாகத்தான் போகும். ஒன்றரை மணி நேரப் படத்தில் அது ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த வசந்தமும் கோடையும் முழுவதும் அவன் அப்படிக் கிடப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவன் காட்டுக்குப் போய் அவளைப் பார்க்கும் காட்சி வந்தபோது என் மகள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் அவளிடம், அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றேன். சரிப்பா என்றாள். அவ்வளவுதான்.

காவ்யா அம்மா, உங்கள் வீட்டுக்காரரும் கூட உட்காரட்டும். மரப்பாச்சி மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. மகள் நாலு நாளாகக் கேட்பது அவருக்கும் உள்ள கேள்விதான்.

—

நேர்ப்பேச்சு:

இரண்டு பெண்களின் அப்பா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் வேகத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் அந்தப் பகுதிகள் வரை நான் போகவில்லை என்பதும் உண்மை. பையனுக்கு எட்டு வயது ஆகட்டும், மறுபடி பார்க்கிறேன்.

—

நூலகத் திண்ணை:

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை.

ஸ்கல்லே-பேர் என்கிற கிழவர் கடைசியில் இறந்துவிடுவார். மாட்டிஸை மடியில் வைத்து வளர்த்தவர், பல் போனவர், லோவிஸிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே இருப்பவர், கதையில் எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்க்கிறவர். பிள்ளைகள் அவரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்பா விலகியதற்கே டிவியை அணைத்தவள் இதற்கு என்ன செய்வாளோ என்று நீங்கள் நினைக்கலாம், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். ஆனால் தயவுசெய்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

என் வகுப்பில் ஒரு பையனின் தாத்தா இறந்து அவன் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். வீட்டில் அவனிடம் தாத்தா சாமிகிட்டப் போயிட்டார், நட்சத்திரமா ஆயிட்டார் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். அவன் என்னிடம், "நட்சத்திரம் ஏன் கீழ வரக்கூடாது டீச்சர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையில் மாட்டிஸ் நட்சத்திரம் என்றெல்லாம் பேசவில்லை. அவர் எப்போதும் இருந்தார், இப்போது இல்லை என்று சொல்லி, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறான். பக்கத்தில் இருக்கிற யாரும் அவனை அழாதே என்று தடுக்கவில்லை. ஒரு பெரிய ஆள் அப்படி அழுவதைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை, நம் வீடுகளில் ஆண்களை அழவிடுவதும் இல்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் இந்தத் தொடரைச் சொன்னேன். பார்த்தார்களாம். அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டு அழுதானாம்.

—

காவ்யா அம்மா:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. முடித்துவிட்டோம்.

உமியோ மழை அக்கா சொன்னபடி முதலில் அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். லோவிஸ் கத்துகிறாளே, அதை மகள் முதல் தடவை கவனிக்கவே இல்லை. மூன்று முறை பார்த்தாள். "அம்மா மட்டும் பிளவுக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல" என்றாள். அன்றைக்கே அடுத்த பகுதி கேட்டாள். வீட்டுக்காரரும் உட்கார்ந்தார், சும்மா செல்போனைப் பார்த்துக்கொண்டுதான். இரண்டாவது நாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தார்.

கரடிக் குகைப் பகுதிகள்தான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. கத்தி தொலைந்துபோய் ரோன்யாவும் பிர்க்கும் சண்டை போட்டு, அவன் கோபித்துக்கொண்டு போய்விடுவது, குட்டியைக் கரடிக்குப் பறிகொடுத்துக் காயத்தோடு ரத்தம் சிந்திக்கொண்டு நிற்கும் பெண்குதிரைக்கு அவள் பாசி வைத்து அழுத்துவது, கத்தியைவிடக் குதிரையின் உயிர் பெரிதாகிவிடுவது. நேர்ப்பேச்சு சொன்ன மாதிரி மெதுவாகத்தான் போகிறது. எங்களுக்கு அந்த மெதுவு வேண்டியிருந்தது. அந்தக் கோடை முழுவதும் நாங்களும் அங்கே இருந்த மாதிரி ஆகிவிட்டது.

மாட்டிஸ் வருகிற பகுதி அன்று மகள் பாயை விரிக்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவன் பாறைகள் நடுவில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பகுதி முடிந்ததும் அவள் அப்பாவிடம், "நீங்க இவ்ளோ நாள் எடுத்துக்கக் கூடாது, அடுத்த நாளே வரணும்" என்றாள். அவர் சரி என்றார். கையை நீட்டி, அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தார்.

ஸ்கல்லே-பேர் பகுதிக்கு டீச்சர் முன்னாடியே சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. நான் அவளிடம் முதலிலேயே, இன்றைக்கு ஒரு வருத்தமான பகுதி, தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். நன்றாக அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுகை நிற்கும் வரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

கடைசிப் பகுதி முடிந்த மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போய் வசந்தம் வந்த சந்தோஷத்தில் ரோன்யா கத்துகிற வசந்தக் கத்தலைக் கத்தினாள். எதிர்வீட்டுப் பாட்டி என்னாச்சு என்று ஓடி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், இன்னொரு தடவை கத்து கண்ணு, நான் கேக்கிறேன் என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இன்று ராத்திரி முதல் பகுதியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். அவள்தான் கேட்டாள். அங்கே ஸ்கல்லே-பேர் இருக்கிறார் என்கிறாள்.

உமியோ மழை அக்கா, ஒரு கேள்வி. புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கி நானே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். அந்தக் குள்ளர்கள் பேசுவதை எப்படிச் சொல்வது? எங்கள் ஆத்தா ஊர்ப்பேச்சில் சொல்லிப் பார்த்தேன், மகள் அதுதான் சரி என்கிறாள்.

—

உமியோ மழை:

ஆத்தாவின் பேச்சிலேயே சொல்லுங்கள். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.